கொள்கலன் தொழில்நுட்பமும் தமிழ் அகரவரிசையும்: அகராதி இணையச் செயலிகளைப் பொதிந்து நிறுவுவதில் எழும் ஒரு சிக்கல்

ஆய்வுச்சுருக்கம்

இணையச் செயலிகளை அவற்றின் இயங்குசூழலோடு சேர்த்துப் பொதியும் கொள்கலன் முறையும், அக்கொள்கலன்களைப் பல கணினிகளில் இயக்கி மேற்பார்வையிடும் குபெர்னெட்டீஸ் போன்ற ஒருங்கியக்கக் கருவிகளும் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. அகராதி, சொல்லடைவு, தொடரடைவு ஆகியவற்றை இணையத்தில் வழங்கும் செயலிகளுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால், கொள்கலனின் அடிப்படிமம் மாறும்போது சொற்களை வரிசைப்படுத்தும் விதியும் உடன் மாறக்கூடும். அவ்வாறு மாறினால் தரவுத்தளத்தில் உள்ள சொல்லே தேடலுக்கு அகப்படாமல் போகும். இச்சிக்கல் எழும் விதத்தையும், தமிழ் நெடுங்கணக்கின் அடிப்படையிலேயே அதனைத் தவிர்க்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொள்கலன், படிமம், டாக்கர், குபெர்னெட்டீஸ், அகரவரிசை, ஒருங்குறி, தரவுத்தளச் சுட்டு.

முன்னுரை

அச்சு அகராதியில் சொற்களின் வரிசை அச்சேறும்போதே முடிவாகிவிடுகிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை எந்த நூலகத்தில் எடுத்துப் புரட்டினாலும் சொற்கள் அதே இடத்தில்தான் நிற்கும். இணைய அகராதிக்கு அத்தகைய உறுதி இல்லை. அங்கே வரிசை என்பது தேவைப்படும்போது கணினி செய்யும் ஒரு கணக்கு. அக்கணக்கைச் செய்யும் நிரற்பகுதியைப் பெரும்பாலும் அகராதிச் செயலியை உருவாக்கியவர் எழுதுவதில்லை. அது இயங்குதளத்தோடு வந்து சேர்வது. எனவே இயங்குதளம் மாறினால் அகரவரிசையும் மாறலாம்.

கொள்கலன் முறை இத்தகைய மாற்றங்களுக்கு விடையாக அறிமுகமானது. உருவாக்கியவரின் கணினியில் ஓடும் செயலி, நிறுவனத்தின் வழங்கியில் ஓட மறுப்பது நெடுநாளைய தொல்லை. நிரல்மொழியின் பதிப்பு, துணை நூலகங்கள், எழுத்துக் குறியாக்க அமைவு என ஏதேனும் ஒன்று வேறுபட்டிருக்கும். செயலியோடு அதன் சூழலையும் கட்டி அனுப்பிவிட்டால் இத்தொல்லை தீரும் என்பது கொள்கலன் முறையின் அடிப்படைக் கருத்து. கருத்து சரியானதே. எனினும் அப்பொதிக்குள் செயலியாளர் அறிந்து வைத்தவை சில, அறியாமல் உள்ளே வந்தவை பல. தமிழ் அகரவரிசை இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

கொள்கலனின் அமைப்பு

கொள்கலன் என்பது தனிக் கணினியன்று. மெய்நிகர்க் கணினி ஒவ்வொன்றும் தனக்கெனக் கெர்னல் எனப்படும் இயங்குதள உட்கருவைக் கொண்டிருக்கும். கொள்கலன்களோ, தம்மைத் தாங்கும் கணினியின் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. கொள்கலனுக்குள் ஓடும் நிரலும் அக்கெர்னலின் கீழ் ஓடும் மற்றொரு நிரலே. அதன் பார்வை மட்டும் சுருக்கப்பட்டிருக்கும். எந்தக் கோப்புகள் தெரியவேண்டும், எந்த நிரல்கள் தெரியவேண்டும், எந்த வலைப்பின்னல் தெரியவேண்டும் என்பதைப் பெயர்வெளிகள் வரையறுக்கின்றன. எவ்வளவு நினைவகமும் செயலி நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் கட்டுப்பாட்டுக் குழுக்கள் வரையறுக்கின்றன.

இவை திடீரெனத் தோன்றியவை அல்ல. ஒரு நிரலுக்குக் கோப்பமைப்பின் ஒரு பகுதியையே முழு உலகாகக் காட்டும் வசதி 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு யுனிக்ஸிலேயே இருந்தது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2000ஆம் ஆண்டில் ‘சிறை’ என்ற பெயரிலேயே இதனை விரித்தது. லினக்ஸில் கட்டுப்பாட்டுக் குழுக்கள் 2008ஆம் ஆண்டு கெர்னலில் சேர்ந்தன. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் டாக்கரை அறிமுகப்படுத்தியபோது இக்கூறுகள் ஏற்கெனவே இருந்தன. டாக்கர் சேர்த்த முதன்மையான புதுமை, பொதியை உருவாக்கவும் பகிரவும் எளிய வழி தந்ததே. 2015இல் திறந்த கொள்கலன் முன்னெடுப்பு தொடங்கி, பொதியின் வடிவம் ஒரு பொதுத் தரமானது.

அப்பொதிக்குப் படிமம் என்று பெயர். படிமம் அடுக்கடுக்காக அமைவது. அடியில் ஓர் இயங்குதளத்தின் கோப்புகள், அதன்மேல் நிரல்மொழி, அதன்மேல் துணை நூலகங்கள், உச்சியில் அகராதிச் செயலி எனக் கொள்ளலாம். உருவாக்கக் கோப்பின் முதல் வரி அடிப்படிமத்தைச் சுட்டும். பெரும்பாலோர் அவ்வரியை வேறோர் எடுத்துக்காட்டிலிருந்து பெயர்த்தெழுதி, அடுத்த வரிக்குச் சென்றுவிடுகின்றனர். இக்கட்டுரையின் சிக்கல் அந்த முதல் வரியில்தான் தொடங்குகிறது.

அடிப்படிமங்களுள் இரண்டு குடும்பங்கள் பெரிதும் வழங்குகின்றன. ஒன்று டெபியன் வழிவந்தது. அது குனு சி நூலகத்தை, அதாவது ஜிலிப்சியைப் பயன்படுத்துகிறது. மற்றொன்று ஆல்பைன், அது மசல் எனும் சிறிய சி நூலகத்தைப் பயன்படுத்துகிறது. ஆல்பைன் அடிப்படிமம் சில மெகாபைட் அளவே கொண்டது. எனவே பதிவிறக்கம் விரைவு, இடமும் குறைவு. சிறிய படிமமே நல்ல படிமம் என்ற அறிவுரையும் பரவலாக உள்ளது. ஆங்கிலச் செயலிகளுக்கு அவ்வறிவுரையால் பெருந்தீங்கு நேர்வது அரிது.

அகரவரிசை எங்கிருந்து வருகிறது

ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி, பதின்ம எண்ணாகச் சொன்னால், 2944 முதல் 3071 வரை. இப்பகுதியின் அடுக்குமுறை தமிழ் நெடுங்கணக்கைப் பின்பற்றவில்லை. இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் பொருத்திய இஸ்கி குறியாக்கத்திலிருந்து அது வந்தது. தேவநாகரியில் எந்த எழுத்தின் அருகில் இணையான எழுத்து இருக்கிறதோ அவ்விடத்தில் தமிழ் எழுத்தும் வைக்கப்பட்டது. அதனால் ந என்பதன் அடுத்த இடத்தில் ன (2985), ர என்பதன் அடுத்த இடத்தில் ற (2993), பின்னர் ல (2994), ள (2995), ழ (2996), வ (2997) என எண்கள் செல்கின்றன. புள்ளிக்குரிய எண் 3021. அது எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் நிற்கிறது.

இதனால் நேர்வதை ஆறு சொற்களைக் கொண்டு காணலாம். மரபான அகரவரிசையில் இவை இவ்வாறு அமையும்: பலம், பவளம், பழம், பளிங்கு, பறவை, பனி. ஒருங்குறி எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் கிடைப்பது: பனி, பறவை, பலம், பளிங்கு, பழம், பவளம். முதலில் நிற்கவேண்டிய பலம் நடுவிலும், இரண்டாவதாக நிற்கவேண்டிய பவளம் கடைசியிலும், கடைசியில் நிற்கவேண்டிய பனி முதலிலும் வந்துவிட்டன. புள்ளியாலும் இதே குழப்பம் நேரும். அச்சு அகராதியில் பக்கம், பகல், பகை என்ற வரிசை இருக்கும். எண்வரிசையில் பகல், பகை, பக்கம் என மெய்யெழுத்து பின்தள்ளப்படும்.

இக்குறை ஒருங்குறியின் பிழையென்று கூறுதல் பொருந்தாது. எழுத்தின் எண் வேறு, வரிசை வேறு என்பதே ஒருங்குறியின் நிலைப்பாடு. வரிசைக்கெனத் தனி நெறிமுறை உண்டு. மொழிவாரியான சிறப்பு விதிகளைச் சி.எல்.டி.ஆர். எனும் பொதுக் களஞ்சியம் தொகுத்து வைத்துள்ளது. தமிழுக்குரிய விதிகளும் அதில் உள்ளன. ஐ.சி.யு. எனும் நூலகம் அவ்விதிகளைச் செயற்படுத்துகிறது. ஆனால் அவ்விதிகள் கொள்கலனுக்குள் இருக்கவேண்டும். இருந்தாலும் அவற்றைப் பயன்படுத்துமாறு செயலி கேட்கவேண்டும்.

கேட்காவிட்டால் சி நூலகத்தின் வழக்கம் செல்லும். ஜிலிப்சி, வட்டார அமைவு ஒன்று தரப்பட்டிருந்தால், ஐ.எஸ்.ஓ. 14651 எனும் பன்னாட்டுத் தரத்தை ஒட்டிய அட்டவணையைப் பயன்படுத்துகிறது. அவ்வட்டவணை மெய்யெழுத்துகளைத் தமிழ் மரபுக்கு நெருக்கமாகவே நிறுத்துகிறது. மசல் நூலகத்திலோ மொழிவாரி வரிசை என்பதே இல்லை. அது எழுத்தெண்களை மட்டும் ஒப்பிடுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் அதிகாரப்பூர்வப் படிமம் இவ்விரு குடும்பங்களிலும் கிடைக்கிறது. டெபியன் வகைப் படிமத்தில், வேறு ஏதும் குறிப்பிடாவிடில், அமெரிக்க ஆங்கில வட்டார அமைவு இயல்பாகச் செயற்படுகிறது. ஆக, தமிழ் அகராதியின் சொல்வரிசையை அமெரிக்க ஆங்கிலத்திற்கான அமைவு தீர்மானிக்கிறது. அது ஓரளவு சரியாகவும் இருந்துவிடுவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இருக்கும் சொல் காணாமற்போதல்

வரிசை தவறாகத் தெரிந்தால் அது வெளிப்படையான குறை. பார்ப்பவர் சுட்டிக்காட்டுவர், திருத்திக்கொள்ளலாம். தரவுத்தளத்தின் உள்ளே நிகழ்வது அத்தகையதன்று.

இலட்சம் சொற்களைக் கொண்ட அகராதியில் ஒரு சொல்லைத் தேடும் தரவுத்தளம் முதற்சொல்லிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வதில்லை. சொற்களை வரிசைப்படுத்திய சுட்டு ஒன்றை முன்னரே அமைத்து வைத்திருக்கும். அகராதியைப் புரட்டுபவர் நடுவில் திறந்து, தேடும் சொல் முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா என்று முடிவு செய்து, அப்பாதியை மட்டும் மேலும் பிரித்துச் செல்வதைப்போலவே தரவுத்தளமும் செய்கிறது. சுட்டை அமைத்த வரிசையும் தேடும்போது கொள்ளும் வரிசையும் ஒன்றாக இருக்கும்வரை இம்முறை தவறாது.

டெபியன் வகைப் படிமத்தில் ஓடிய தரவுத்தளம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் சுட்டில் பலம், பவளம், பழம், பளிங்கு, பறவை, பனி என்ற வரிசை பதிந்துள்ளது. இடம் மிச்சமாகும் என்று கருதிய நிர்வாகி, அதே போஸ்ட்கிரெஸ் பதிப்பின் ஆல்பைன் வகைப் படிமத்திற்கு மாறுகிறார். தரவுக் கோப்புகள் அப்படியே இருக்கின்றன. கொள்கலன் பிழையின்றித் தொடங்குகிறது. இப்போது ஒருவர் ‘பவளம்’ என்று தேடுகிறார். தரவுத்தளம் சுட்டின் நடுவில் உள்ள ‘பழம்’ என்பதோடு ஒப்பிடுகிறது. புதிய கணக்கில் வ என்பதன் எண் ழ என்பதன் எண்ணைவிடப் பெரியது. எனவே பவளம் பின்பாதியில் இருக்கவேண்டும். பின்பாதியின் நடுவில் ‘பறவை’ உள்ளது; அதனினும் பெரியது. எஞ்சியது ‘பனி’, அதனினும் பெரியது. அதற்குமேல் சொல் இல்லை. ‘பவளம்’ அகராதியில் இல்லை என்ற விடை வருகிறது. அச்சொல்லோ முன்பாதியில், இரண்டாம் இடத்தில், அசையாமல் இருக்கிறது.

இதில் வியப்பானது பின்வருவது: ‘வளம்’ என்ற பகுதியைக் கொண்ட சொற்கள் யாவை என்று கேட்டால் ‘பவளம்’ கிடைக்கும். அத்தகைய தேடலுக்குச் சுட்டு பயன்படாததால் தரவுத்தளம் எல்லாச் சொற்களையும் பார்க்கிறது. பகுதியைக் கேட்டால் கிடைக்கும் சொல், முழுமையாகக் கேட்டால் கிடைப்பதில்லை. இப்படி ஒரு முரணைக் காணும் அகராதிப் பயனர் தம் தட்டச்சில் பிழையென்றே எண்ணுவார்.

தீங்கு இத்தோடு நிற்பதில்லை. சொல் இல்லையென்று கருதும் பதிப்பாசிரியர் அதனை மீண்டும் உள்ளிடுவார். ஒரே சொல் இருமுறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதே சுட்டைக் கொண்டே சரிபார்க்கப்படுவதால், அது தடுக்காது. பின்னர் உண்மை தெரிந்து சுட்டை மீண்டும் அமைக்க முற்பட்டால், இரட்டைப் பதிவுகளைக் காட்டித் தரவுத்தளம் மறுக்கும். அதற்குள் ஒரு பதிவில் ஒரு பொருளும் மற்றொன்றில் வேறு பொருளும் சேர்ந்திருக்கும். அவற்றை இணைப்பது கணினிப் பணியன்று, அகராதிப் பணி.

அடிப்படிமக் குடும்பம் மாறினால்தான் இது நேரும் என்பதுமில்லை. 2018 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சி 2.28 பதிப்பு தன் வரிசை அட்டவணையைப் பெருமளவு மாற்றியது. 2019இல் வந்த டெபியன் 10 அப்பதிப்பை ஏற்றது. போஸ்ட்கிரெஸ் பயனர்கள் பல மொழிகளிலும் சுட்டுகளை மீண்டும் அமைக்கவேண்டியதாயிற்று. போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பு முதல், தரவுத்தளம் உருவானபோதிருந்த வரிசைப் பதிப்பைக் குறித்துவைத்துக்கொண்டு, மாறியிருந்தால் எச்சரிக்கிறது. ஆனால் அவ்வெச்சரிக்கை ஒரு செய்திவரி மட்டுமே, தேடல் நிற்பதில்லை.

வரிசை விதியைச் செயலிக்குள் கொண்டுவருதல்

இரு வழிகள் உள்ளன. முதலாவது, தரவுத்தளத்தை உருவாக்கும்போதே ஐ.சி.யு. நூலகத்தின் தமிழ் வரிசையைக் குறிப்பிடுவது. போஸ்ட்கிரெஸ் 15 முதல் முழுத் தரவுத்தளத்திற்கும் இதனைச் செய்யலாம். அப்பதிப்பு முதல் ஆல்பைன் வகைப் படிமத்திலும் இது செல்லும். ஒன்றைக் கவனிக்கவேண்டும். படிமத்திற்குத் தரும் இத்தகைய தொடக்க அமைவுகள், தரவுக் கோப்புறை வெறுமையாக உள்ள முதல் தடவையில் மட்டுமே கொள்ளப்படும். ஏற்கெனவே தரவு உள்ள இடத்தில் அமைவை மாற்றி எழுதிவிட்டு, வரிசை திருந்திவிட்டதென்று நம்புவது வழக்கமான ஏமாற்றம். ஐ.சி.யு. நூலகமும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதே; சிக்கல் குறையுமேயன்றி முற்றும் நீங்காது.

இரண்டாவது வழி தமிழுக்கு இயல்பாகவே வாய்த்தது. இக்கட்டுரை அதனையே பரிந்துரைக்கிறது. தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247. உயிர் 12க்கு 1 முதல் 12 வரையும், ஆய்தத்திற்கு 13உம் தரலாம். அதன்பின் மெய்கள் 18உம் க, ங, ச, ஞ என்ற மரபு வரிசையில், ஒவ்வொன்றும் மெய் முதலாக ஔகார உயிர்மெய் ஈறாக 13 வடிவங்களைப் பெறும். க் 14, க 15, கா 16 எனத் தொடங்கி னௌ 247இல் முடியும். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துகளாகப் பிரித்து, எழுத்தெண்ணை மூன்று இலக்கங்களாக எழுதித் தொடுத்தால் அச்சொல்லின் வரிசைத்திறவு கிடைக்கும்.

பக்கம் என்பதற்கு 119014015131. பகல் என்பதற்கு 119015170. இவ்விரண்டையும் வெறும் இலக்கத் தொடர்களாக இடமிருந்து வலமாக ஒப்பிட்டால் பக்கம் முன்னால் வரும். பவளம் 119184210131, பழம் 119197131. வரிசை சரியாகவே அமைகிறது. இத்திறவுகளில் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் மட்டுமே இருப்பதாலும், அவற்றை எழுத்தெண் முறையில் ஒப்பிடுமாறு அந்தப் பத்திக்குக் கட்டளையிட முடிவதாலும், ஜிலிப்சி, மசல், ஐ.சி.யு. ஆகியவற்றில் எது இருந்தாலும், எந்தப் பதிப்பு இருந்தாலும் விளைவு மாறாது. சொல்லை நேராகத் தேடும் பத்திக்கும் அதே எழுத்தெண் ஒப்பீட்டையே அமைக்கவேண்டும். அங்கு வேண்டுவது அழகிய வரிசையன்று, மாறாத வரிசை.

திறவு அமைக்குமுன் சொல்லை ஒருங்குறியின் இயல்பு வடிவத்திற்குக் கொண்டுவருதல் இன்றியமையாதது. ‘கொடி’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம்; எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இருவேறு தொடர்கள். ஒருங்குறி நெறி இரண்டையும் நிகராகக் கருதுவதால் இதனைத் திருத்துவது எளிது. ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கு மாற்றாக ள எழுத்தையே தட்டச்சிடும் பழக்கத்தை அந்நெறி திருத்தாது. அதனைத் தனியே பிடிக்கவேண்டும்.

கிரந்த எழுத்துகள் நெடுங்கணக்குக்கு அப்பாற்பட்டவை. ஜ, ஶ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவற்றுக்கு 248 முதல் எண் தந்து இறுதியில் வைக்கலாம். ஜகரத்தைச் சகரத்தின் அருகில் வைக்க விரும்புவோர் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். க்ஷ ஓரெழுத்தா, கூட்டா என்பதும் முடிவு செய்யப்படவேண்டியதே. இவை அகராதியியல் முடிவுகள். அடிப்படிமத்தை நம்பியிருக்கும்வரை இம்முடிவுகளை எவரோ ஒருவர் ஏற்கெனவே எடுத்திருப்பார். அவர் யாரென்பதும் தெரியாது. திறவு முறையில் அவை அகராதிக் குழுவின் கைக்கு வருகின்றன, ஒரு பக்க அட்டவணையாக முன்னுரையிலும் அச்சிடலாம்.

கணினிக் கொத்தும் ஒருங்கியக்கமும்

ஒரே வழங்கியில் ஓடும் துறைசார் அகராதிக்குக் கணினிக் கொத்து தேவையில்லை. செயலிக்கு ஒரு கொள்கலன், தரவுத்தளத்திற்கு ஒரு கொள்கலன், நாள்தோறும் காப்புப் பிரதி என்பதே போதும். கொத்தின் நிலையைக் குறித்துவைக்கும் எட்சிடி எனும் களஞ்சியம் ஒரு கணினி பழுதானாலும் நிற்காமல் ஓடவேண்டுமாயின் அதற்கே மூன்று கணினிகள் வேண்டும். பல துறைகளின் செயலிகளை ஒருங்கே நடத்தும் பல்கலைக்கழகத்திற்கோ பெருந்திட்டத்திற்கோ அது பொருந்தும். அத்தகைய சூழலில் அகராதிச் செயலி பிறரால் நிர்வகிக்கப்படும் கொத்துக்குள் வைக்கப்படுவதால், அதன் இயக்கத்தை அகராதிக் குழு ஓரளவேனும் அறிந்திருப்பது நல்லது.

குபெர்னெட்டீஸ் கூகுள் நிறுவனத்தில் உருவாகி 2014இல் அறிவிக்கப்பட்டது. முதற்பதிப்பு 2015 ஜூலையில் வெளிவந்தது. பெயர் கிரேக்கச் சொல்; கலத்தைச் செலுத்துபவன் என்று பொருள். மீகாமன் என்ற பழந்தமிழ்ச் சொல் இதற்கு மிகப் பொருத்தமாக அமையும். இதன் அடிப்படை ஒரே கருத்து: நிர்வாகி ‘இதைச் செய், அதைச் செய்’ என்று ஆணைகளை அடுக்குவதில்லை, ‘இந்தப் படிமத்தின் மூன்று படிகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கவேண்டும்’ என்று விரும்பும் நிலையை எழுதித் தருகிறார். கட்டுப்பாட்டு நிரல்கள் இருக்கும் நிலையையும் விரும்பும் நிலையையும் ஓயாமல் ஒப்பிட்டு வேறுபாட்டை நீக்குகின்றன. ஒரு கணினி நின்றுபோனால் அதிலிருந்த படி வேறு கணினியில் தொடங்கப்படும், எவரையும் கேட்பதில்லை.

இக்கட்டுரையின் சிக்கல் இங்கே புதிய வடிவம் கொள்கிறது. வேறொரு கணினியில் கொள்கலன் தொடங்கும்போது படிமம் பதிவகத்திலிருந்து மீண்டும் இறக்கப்படலாம். படிமம் பெயரொட்டால் மட்டும் சுட்டப்பட்டிருந்தால், அப்பெயரொட்டு இடைக்காலத்தில் வேறு படிமத்தின்மீது ஒட்டப்பட்டிருக்கக்கூடும். நேற்றுவரை டெபியனின் ஒரு பதிப்பின்மீது அமைந்திருந்த அதே பெயர் இன்று அடுத்த பதிப்பின்மீது அமைந்திருப்பது இயல்பான நிகழ்வு. படிமத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எஸ்எச்ஏ-256 கைரேகை எண்ணால் சுட்டினால் இது நேராது. அவ்வெண் நீளமானது, நினைவில் நிற்காது. ஆயினும் அச்சு நூலின் பதிப்பாண்டைக் குறிப்பதுபோல் அதனைக் குறித்தே ஆகவேண்டும்.

செயலியே தன் நினைவகத்தில் சொற்களை வரிசைப்படுத்துமாயின், புதிய படிமத்திற்கு மாறும் இடைவேளையில் பழைய படிகளும் புதிய படிகளும் ஒருங்கே ஓடும். சொற்பட்டியலின் முதற்பக்கத்தை ஒரு படியும் இரண்டாம் பக்கத்தை மற்றொரு படியும் தந்தால், சில சொற்கள் இரு பக்கங்களிலும் வரும். சில எதிலும் வரா.

குபெர்னெட்டீஸே இதற்கு ஒரு காவலையும் தருகிறது. ஒவ்வொரு கொள்கலனையும் ‘பணிக்கு ஆயத்தமா’ என்று குறித்த இடைவெளியில் கேட்கும் ஆயத்தச் சோதனை அது. பெரும்பாலான செயலிகள் இக்கேள்விக்கு ‘ஆம்’ என்று வெறுமனே விடையளிக்குமாறு எழுதப்பட்டுள்ளன. அகராதிச் செயலி அவ்விடையைத் தருமுன், மேற்கண்ட ஆறு சொற்களையும் பக்கம், பகல், பகை ஆகிய மூன்றையும் வரிசைப்படுத்தி, எதிர்பார்த்த வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தரவுத்தளத்தில் ‘பவளம்’ கிடைக்கிறதா என்றும் தேடிப் பார்க்கலாம். தவறினால் ‘ஆயத்தமில்லை’ என்று விடையளிக்கும்.

மூன்று படிகள் ஓடும் நிலையில் இதன் பயன் தெளிவாகும். குபெர்னெட்டீஸின் இயல்பு அமைவில், புதிய படிமத்திற்கு மாறும்போது முதலில் ஒரு புதிய படி கூடுதலாகத் தொடங்கப்படும். அது ஆயத்தமாகும்வரை பழைய மூன்றில் எதுவும் நீக்கப்படாது. வரிசை பிறழ்ந்த படிமம் ஆயத்தச் சோதனையில் நின்றுவிடும். பழைய படிகள் தொடர்ந்து அகராதியை வழங்கிக்கொண்டிருக்கும். பத்து நிமிடங்கள் கழிந்ததும் மாற்றம் முன்னேறவில்லை என்ற குறிப்புப் பதிவாகும். குபெர்னெட்டீஸ் தானாகப் பழைய படிமத்திற்குத் திரும்பிவிடுவதில்லை. அதனை நிர்வாகி செய்யவேண்டும். இச்சோதனையை உயிர்ப்புச் சோதனையில் வைப்பது தவறு. உயிர்ப்புச் சோதனை தவறினால் கொள்கலன் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கப்படும். வரிசை விதி அதனால் திருந்தப்போவதில்லை, கொள்கலன் ஓயாமல் விழுந்தெழுவதே மிஞ்சும்.

தரவுத்தளக் கொள்கலனைப் பொறுத்தவரை கூடுதல் எச்சரிக்கை தேவை. செயலியின் படிகள் தம்முள் எதையும் சேமிப்பதில்லை. எனவே அழித்து ஆக்கலாம். தரவுத்தளத்தின் கோப்புகளோ நிலைத்த சேமிப்பகத்தில் தனியே இருக்கும். கொள்கலன் மட்டும் மாறும். பழைய சுட்டும் புதிய வரிசை விதியும் சந்திப்பது இந்த இடத்தில்தான். அங்கு அடிப்படிமத்தை மாற்றுவதாயின், தரவை உரைவடிவில் வெளியேற்றிப் புதிய தரவுத்தளத்தில் மீண்டும் ஏற்றுவதே பாதுகாப்பானது. சுட்டு அப்போது புதிய வரிசையில் புதிதாக அமைந்துவிடும்.

படிமத்தைக் காப்பகத்தில் வைத்தல்

உருவாக்கக் கோப்பை மட்டும் பாதுகாத்தால், பத்தாண்டுகளுக்குப்பின் அதே படிமத்தை மீண்டும் உருவாக்க இயலாது. கோப்பு குறிப்பிடும் துணைப்பொதிகள் அன்று வேறு பதிப்பில் இருக்கும், அல்லது இருக்கமாட்டா. உருவான படிமத்தையே ஒற்றைக் கோப்பாக வெளியேற்றி நிறுவனக் களஞ்சியத்தில் வைக்கவேண்டும். பொதுப் பதிவகங்களை இதற்கு நம்பியிருக்க முடியாது. 2023 மார்ச்சில் டாக்கர் நிறுவனம் கட்டணமில்லாக் குழுக் கணக்குகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபின் அதே மாதத்தில் முடிவைத் திரும்பப் பெற்றது.

படிமத்தோடு நான்கு பொருள்கள் இருத்தல் வேண்டும்: படிமத்தின் கைரேகை எண், உரைவடிவிலான தரவு, 247 எழுத்துகளுக்கும் கிரந்தத்திற்கும் எண் தந்த அட்டவணை, சோதனைச் சொற்களின் பட்டியல். இவற்றுள் படிமமே முதலில் பயனற்றுப்போகக்கூடியது. கெர்னலும் கணினியின் செயலி வகையும் மாறினால் அது ஓடாமல் போகலாம். எஞ்சிய உரைக்கோப்புகளை எந்தக் கணினியும் படிக்கும். அட்டவணையும் சோதனைச் சொற்களும் இருந்தால், இன்னும் எழுதப்படாத ஒரு நிரல்மொழியில்கூடத் திறவை மீண்டும் கணக்கிட்டு, ‘பவளம்’ தனக்குரிய இரண்டாம் இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம்.